பழத்தோப்புக்குள் மரபணு மாற்றம்: சான்று காட்ட வேண்டியவர் யார்?

நறுக்கி வைத்தாலும் நிறம் மாறாத 'ஆர்க்டிக்' ஆப்பிளுக்கு 2015 பிப்ரவரியில் அமெரிக்க வேளாண் துறை அனுமதி வழங்கியது. அடுத்த மாதமே கனடாவும் அனுமதித்தது. அதை உருவாக்கிய ஒகனாகன் ஸ்பெஷால்டி ஃப்ரூட்ஸ் நிறுவனம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த சம்மர்லேண்ட் ஊரில் தொடங்கப்பட்டது. அனுமதி தரக் கூடாது என்று உரக்கக் குரல் கொடுத்ததும் அதே மாகாணத்தின் பழ விவசாயிகள் சங்கம்தான். கியூபெக் மாகாணத்து ஆப்பிள் விவசாயிகளும் அதனுடன் சேர்ந்துகொண்டார்கள். 2012இல் இவர்கள் நடத்திய கருத்துக்கணிப்பில் 69 சதவீதக் கனடா மக்கள் இந்த ஆப்பிள் வேண்டாம் என்றார்கள். அமெரிக்காவின் தேசிய ஆப்பிள் சங்கமும், வாஷிங்டன் மாநிலத் தோட்டக்காரர்களின் குரலான வடமேற்குத் தோட்டக்கலைக் கவுன்சிலும் இதை எதிர்த்தன. பழம் நஞ்சு என்று இவர்கள் வாதிடவில்லை. 'எங்கள் பழத்தின் பெயர் கெட்டால் நட்டத்தை யார் ஏற்பது?' என்பதே இவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவ்விரு நாட்டு அரசுகளும் நேரான பதில் சொல்லவில்லை.

ஆர்க்டிக் ஆப்பிளில் செய்யப்பட்ட மாற்றம் சிறியது. ஆப்பிளை வெட்டும்போது செல்கள் உடைகின்றன. தனித்தனி அறைகளில் இருந்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஃபீனால் சேர்மங்களும் ஒன்றுகலந்து, காற்றின் ஆக்சிஜன் பட்டதும் வெட்டுவாய் பழுப்பேறுகிறது. கத்தரிக்காயை அரிந்ததும் தண்ணீரில் போடுவதும் இந்த வேலையைத் தடுக்கத்தான். அந்த நொதியை உண்டாக்கும் மரபணுக்களை அடக்கிவைத்தால் துண்டு வெள்ளையாகவே இருக்கும். பூச்சியையோ நோயையோ தாங்கும் திறன் எதுவும் இதனால் மரத்துக்குக் கூடவில்லை. பயன் முழுவதும் நறுக்கிய துண்டுகளைப் பையில் அடைத்து விற்கும் வணிகத்துக்கே போகிறது. அமெரிக்காவில் 2017இல் கடைக்கு வந்ததும் அப்படிப் பையில் அடைத்த துண்டுகள்தான். இடர் வந்தால் அது பக்கத்துத் தோட்டக்காரரையும் சேரும், பயன் மட்டும் அவரைச் சேராது. சம்மர்லேண்ட் விவசாயிகளின் மனக்குறையை விளங்கிக்கொள்ள இது ஒன்றே போதும்.

உணவுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, வழக்கமான ஆப்பிளைப் போலவே இதுவும் பாதுகாப்பானது என்று அமெரிக்க, கனடா அரசுத் துறைகள் முடிவுசெய்தன. அந்த முடிவை மறுக்க வலுவான ஆதாரம் இல்லை. மகரந்தம் பற்றிய அச்சத்திலும் ஒரு பகுதி தேவையற்றது. ஆப்பிள் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது அரிது. வேறு ரக மரம் அருகில் வேண்டும், தேனீ வேண்டும். மாற்றிய மரத்தின் மகரந்தம் பக்கத்துத் தோட்டத்துப் பூவில் விழுந்தாலும் உருவாகும் பழத்தின் சதை தாய்மரத்தின் சதைதான். மாற்றிய மரபணு உள்ளே இருக்கும் விதைக்கு மட்டுமே போகும். ஆனால் ஏற்றுமதிச் சந்தையின் ஆய்வுக்கூடத்தில் பழத்தை விதையோடு அரைத்துச் சோதித்தால் தடயம் தெரியும். இயற்கை வேளாண் சான்று பெற்ற தோட்டக்காரருக்கு அந்தத் தடயமே வாழ்க்கைப் பிரச்சினை ஆகிவிடும்.

இந்த அச்சம் வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஹவாய்த் தீவின் பப்பாளி சாட்சி. அங்கே பூனா வட்டாரத்தில் 1992இல் வளையப் புள்ளி வைரஸ் நுழைந்தது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் பட்டுப்போயின. டென்னிஸ் கொன்சால்வஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் அந்த வைரஸின் ஒரு மரபணுவையே பப்பாளிக்குள் செலுத்தி, நோய் தாங்கும் மரத்தை உருவாக்கினார்கள். 1998இல் 'ரெயின்போ' ரக விதை விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பப்பாளித் தொழில் பிழைத்தது. மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் இந்த வெற்றியைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. அதே சமயம், ஹவாய்ப் பழத்துக்கு நல்ல விலை கொடுத்துவந்த ஜப்பான் 2011 டிசம்பர் வரை அதை உள்ளே விடவில்லை. பழைய ரகத்தைப் பயிரிட்டு ஜப்பானுக்கு அனுப்பியவர்கள், தங்கள் பழம் மாற்றப்படாதது என்று 10 ஆண்டுகளுக்கு மேல் சோதித்துச் சோதித்து அனுப்ப வேண்டியிருந்தது. மாற்றிய மரத்தை நட்டவர் சோதிக்க வேண்டியதில்லை, நடாதவருக்கே அந்தச் செலவு.

தாய்லாந்தில் அனுமதியே இல்லாமல் மாற்றிய பப்பாளி விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. கோன்கேன் நகரத்து அரசு ஆய்வு நிலையம் விவசாயிகளுக்கு விற்ற பப்பாளி விதையில் மாற்றிய விதை கலந்திருப்பது 2004இல் வெளிப்பட்டது. சோதனைத் திடலின் வேலியைத் தாண்டிய விதையைத் திரும்பப் பிடிக்க, மரம் மரமாகத் தேடி வெட்ட வேண்டியதாயிற்று. இந்தியாவும் இதற்கு விலக்கு இல்லை. காய்ப்புழுவைத் தாங்கும் மரபணு ஏற்றிய பி.டி. பருத்திக்கு மத்திய அரசு 2002 மார்ச்சில்தான் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் பல ஆயிரம் ஏக்கரில் அந்த மரபணு கொண்ட பருத்தி வேறு பெயரில் வளர்ந்து நின்றது. 2021இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நொய்யரிசியின் மாவில் மரபணு மாற்றத் தடயம் இருப்பதாக அங்கே எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மிட்டாய்ப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் மரபணு மாற்றிய நெல் வணிகச் சாகுபடியில் இல்லவே இல்லை என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்திய ஆப்பிள் விவசாயிகளின் கவலை இறக்குமதி வழியாக வருவது. காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளையும் பழம், வாஷிங்டன் ஆப்பிளோடு ஒரே தட்டில் விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆப்பிள், பப்பாளி, அன்னாசி, பிளம் உள்பட 24 உணவுப் பயிர்கள் இந்தியாவுக்குள் வரும்போது, அவை மரபணு மாற்றப்பட்டவை அல்ல என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுத் துறை சான்று தர வேண்டும். தவறிக் கலந்தால் 1 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படும். 2021 மார்ச் முதல் இது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் இதற்கு ஆட்சேபம் எழுப்பியது. வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் இந்தச் சான்று விதியைத் தளர்த்தும்படி இன்றும் அழுத்தம் வருகிறது. மற்ற விஷயங்களில் குறை சொல்ல எவ்வளவோ இருந்தாலும், இந்த ஆணையின் அடிப்படை சரியானது. விற்பவரே சான்று காட்ட வேண்டும் என்கிறது அது. நாட்டுக்குள் வளரும் பழமரங்களுக்கு இதே நியதி இல்லை என்பதுதான் குறை.

தமிழ்நாட்டில் ஆப்பிள் பெயரளவுக்குத்தான் விளைகிறது. இங்கே கேள்வி வாழை வழியாகவும் மா வழியாகவும் வரும். வாழையில் ஏற்கெனவே வந்துவிட்டது. வைட்டமின் ஏ, இரும்புச் சத்து கூடிய வாழையை உருவாக்கும் திட்டத்துக்காக மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2012இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்தது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்ற நிறுவனங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழைக்கும் இந்தக் கேள்வியில் இடம் உண்டு. முடிக்கொத்து நோயால் கீழ்ப்பழனி மலைகளில் அந்த வாழை அழிவின் விளிம்புக்குப் போனது. அந்த வைரஸைத் தாங்கும்படி விருப்பாச்சியின் மரபணுவை மாற்றும் ஆய்வைக் கோவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற வாழை அது. மரபணு மாற்றிய பிறகும் அந்தக் குறியீடு அதற்குச் செல்லுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. நோயால் அழிந்துகொண்டிருக்கும் பயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது மரபணு மாற்றத்தைக் கையில் எடுப்பதில் நியாயம் உண்டு. நறுக்கிய துண்டு வெள்ளையாக இருப்பதற்காக எடுப்பதோடு அதை ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது.

மாவில் மரபணு மாற்றிய ரகம் உலகில் எங்கும் விற்பனைக்கு வரவில்லை. ஆகவே, விதிகளை வகுக்க இதுவே தருணம். விதி வகுக்கும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலை ஒட்டிய மலையடிவாரத் தோப்புகளில் பார்க்கலாம். நீர்காத்த அய்யனார் கோவில் ஓடைக்கரையில் இருக்கிறது. அதற்கு அப்பால் காடு. இப்பால் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரையிலும், வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு வரையிலும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் விட்டுவிட்டு வருகின்றன. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இந்த வட்டாரத்துக்கே உரிய மாம்பழங்கள் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் சித்திரை, வைகாசியில் ராஜபாளையம் கடைத்தெருவில் முதலில் கேட்டு வாங்கப்படுபவை இவைதான்.

இந்தத் தோப்புகளுக்கும் காட்டுக்கும் இடையே பல இடங்களில் வேலிகூடக் கிடையாது. நரை அணில்களுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. நரை அணில் தோப்பு மரங்களுக்கும் வரும். பழந்தின்னி வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்தில் போய்த் தின்று கொட்டையைப் போடும். கரடியும் யானையும் மாம்பழக் காலத்தில் இறங்கிவரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மா தானாகவும் வளர்கிறது. எனவே தோப்பில் விழும் கொட்டை தோப்போடு நிற்காது. மாம்பூவுக்கு மகரந்தம் கொண்டுசெல்பவை பெரும்பாலும் ஈக்கள். தேனீப் பெட்டியை எடுத்துவைப்பதுபோல் ஈயை யாரும் தள்ளிவைக்க முடியாது. வயலுக்கு வயல் இத்தனை மீட்டர் இடைவெளி என்று பருத்திக்கு எழுதிய விதியை இங்கே அப்படியே எடுத்துவைத்தால் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒட்டுக்கன்று இதைவிடச் சிக்கலானது. மாவில் ஒரு கன்று இரண்டு மரங்களால் ஆனது. கீழே வேர்ச்செடி, மேலே விரும்பிய ரகத்தின் குச்சி. வேர்ச்செடிக்கு எந்தக் கொட்டை என்று நர்சரிகளில் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பழக்கூழ் ஆலைகளிலும் சந்தைகளிலும் குவியும் கொட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து பாத்தியில் ஊன்றுகிறார்கள். முளைத்துச் செந்தளிர் விட்ட நாற்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்புபோலச் சீவிய குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். சில வாரங்களில் இரண்டும் கூடிவிடும். மேலே இருக்கும் பஞ்சவர்ணத்துக்குத் தாய்மரம் எது என்று நர்சரிக்காரர் சொல்லிவிடுவார். கீழே இருப்பது எந்த ஊர்க் கொட்டை என்று அவருக்கே தெரியாது. நாளை ஏதோ ஒரு மரபணு மாற்றிய மாமரம் கூழ் ஆலைக்குப் பழம் அனுப்பினால், அதன் கொட்டையில் முளைத்த வேர் ராஜபாளையம் தோப்பில் 40 ஆண்டுகள் நிற்கும். ஒட்டுக்குக் கீழே தளிர்க்கும் கிளையைக் கழிக்காமல் விட்டால் அது பூத்துக் காய்க்கவும் செய்யும். தோப்புக்காரர் தான் வாங்காத ஒன்றைத் தன்னையறியாமல் வளர்த்துக்கொண்டிருப்பார்.

பருத்திக்கும் பழமரத்துக்கும் உள்ள வேறுபாடே இதுதான். பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்று தெரிந்த விவசாயி அடுத்த பட்டத்தில் வேறு விதைக்கு மாறலாம். மாறியும் இருக்கிறார்கள். மா நட்டவர் காய்ப்பைப் பார்க்கவே நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கிறார். பூத்த நிலையிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடும் வழக்கம் இங்கே உண்டு. குத்தகைதாரர் முன்பணம் கொடுப்பது மரத்தின் பேரை நம்பி. 'அந்தப் பக்கத்துத் தோப்பில் ஏதோ கலந்துவிட்டதாம்' என்ற ஒரு பேச்சு மண்டியில் எழுந்தால் போதும், ஆய்வுக்கூட முடிவு வருவதற்குள் அந்த ஆண்டின் பூ உதிர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஓட்டைகள் தெரிகின்றன. மரபணு மாற்றிய உயிரிகளைக் கட்டுப்படுத்துவது 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். உணவாக விற்பதற்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு தனி அனுமதி கேட்கிறது. தோட்டப் பயிர் ஒன்றில் இந்த முறை சோதிக்கப்பட்டது பி.டி. கத்தரியில். கோவைப் பல்கலைக்கழகம் தன் சொந்த ரகங்களில் அந்த மரபணுவை ஏற்றியது. மதுரை, கிள்ளிகுளம் பெயர்களைத் தாங்கிய ரகங்களும் அவற்றில் உண்டு. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரி 9இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் ஆர்வலர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று செய்த பிரச்சாரம் இங்கே அந்த விவாதத்தைப் பரவலாக்கியது. நிறுத்திவைப்பு இன்றும் தொடர்கிறது. மரபணு மாற்றிய கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதினாலும், தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

இதற்கிடையே 2022 மார்ச்சில் மத்திய அரசு வேறொரு வாசலைத் திறந்தது. வெளி மரபணு எதுவும் மிச்சமில்லாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. வேற்று மரபணு இல்லாததால் இடர் குறைவு என்ற அறிவியல் வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் சந்தை அறிவியல் வகைப்பாட்டைப் பார்த்து வாங்குவதில்லை. வாங்கும் நாடு ஒவ்வொன்றும் இதற்கு வேறு வேறு பெயர் வைக்கிறது, வேறு வேறு சான்று கேட்கிறது. கிருஷ்ணகிரி ஆலைகளிலிருந்து மாம்பழக்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. திருத்திய பழமரம் ஒன்று பதிவேடு ஏதுமில்லாமல் நர்சரிகளில் பரவிவிட்டால், அந்தக் கூழுக்கு நாளை என்ன சான்று எழுதுவது என்று யாரும் சொல்ல முடியாது.

இழப்பீட்டு விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். மாற்றிய உயிரிகளால் சேதம் நேர்ந்தால் பொறுப்பும் பரிகாரமும் யாருடையவை என்பதற்கான நகோயா–கோலாலம்பூர் துணை நெறிமுறை 2010இல் உருவாகி 2018இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் சேர்ந்த நாடு. ஆனால் தன் தோப்பில் கலப்பு நேர்ந்ததால் சந்தையை இழந்த விவசாயி யாரிடம், எந்த அலுவலகத்தில், எதைக் காட்டி இழப்பீடு கேட்பது என்பதற்கு உள்நாட்டில் ஒரு வழிமுறையும் இல்லை. கனடாவில் மரபணு மாற்றிய பயிர் தொடர்பாகக் கனோலா விவசாயி பெர்சி ஷ்மைசர் மீது விதை நிறுவனமான மான்சான்டோ தொடுத்த வழக்கில், 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காப்புரிமை மீறப்பட்டதாகவே தீர்ப்பளித்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் தாவரங்களுக்குக் காப்புரிமை தருவதில்லை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001, விதையை எடுத்துவைக்கவும் பகிரவும் உழவருக்கு உள்ள உரிமையைக் காக்கிறது. ஆகவே ஷ்மைசருக்கு நேர்ந்தது ராஜபாளையத்துத் தோப்புக்காரருக்கு அப்படியே நேரும் என்று பயமுறுத்துவது தவறு. அவர் வழக்கில் சிக்கப்போவதில்லை. இழப்பைச் சுமக்கப்போகிறார், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் ஒட்டுக்கன்றையும் விதை என்றே வரையறுக்கிறது. நர்சரிகள் 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் பெறுகின்றன. அந்த உரிமத்தில் வேர்ச்செடிக்கான கொட்டை எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் நிபந்தனையைச் சேர்த்தால், மாநிலத்தின் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இப்போதுள்ள ஆய்வாளர்களைக் கொண்டே அதைச் சரிபார்க்கலாம். மரபணு மாற்றிய அல்லது திருத்திய பழமரம் எதுவானாலும், சோதனைத் திடலில் இருக்கும்போதே அதன் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை முறையை உருவாக்கியவர் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். சோதனைச் செலவும் அவருடையதாக இருக்க வேண்டும். கலப்பு நேர்ந்தால் ஈடுகட்டுவதற்கு முன்கூட்டியே வைப்புத்தொகை கட்டாமல் எந்தப் பழமரத்தையும் வெளியே விடக் கூடாது. புலிகள் காப்பகங்களை ஒட்டிய தோப்புப் பகுதிகளில் சோதனை நடவுக்கே இடம் தராமல் இருப்பது நல்லது.

வட்டார ரகங்களைப் பதிவுசெய்வதும் அவசரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வழியில் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் முதலில் தாய்மரங்களை அடையாளம் கண்டு, அவற்றின் மரபணுக் கைரேகையை எடுத்துவைக்க வேண்டும். உழவர் ரகமாகப் பதிய 2001 சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஊராட்சிகளில் உள்ள பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களின் பதிவேட்டிலும் ஏற்றலாம். இன்றைய பஞ்சவர்ணம் எது என்று எழுதிவைக்காவிட்டால், பிறகு ஒரு நாள் அதில் கலப்பு நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க எதோடும் ஒப்பிட முடியாது. தாய்மரங்களில் பல வயதானவை. அவற்றின் குச்சி கிடைக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.